புரூக்ளின் மறக்காத பெயர்கள்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கென்று இருந்த பேஸ்பால் அணி டாட்ஜர்ஸ். 1957 பருவத்தோடு அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. 1960-இல் அதன் எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தையும் இடித்தார்கள். அந்த அணியின் ஜாக்கி ராபின்சனை உலகமே அறியும். பழைய ரசிகர்கள் உரிமையோடு நினைத்துக்கொண்டதோ குக்கி லாவஜெட்டோ, அல் ஜியான்ஃபிரிடோ போன்றவர்களையும்தான்.

1947-இல் மேஜர் லீக் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் நான்காவது ஆட்டம். எதிரணியான யாங்கீஸின் பந்துவீச்சாளர் பில் பெவன்ஸ் அதுவரை ஒரு ஹிட்கூடத் தரவில்லை. வெற்றிக்கு இன்னும் ஒரே ஓர் அவுட்தான் தேவை. மாற்று ஆட்டக்காரராக வந்த லாவஜெட்டோ அடித்த பந்து வலப்புறச் சுவரில் மோதியது. இருவர் ஓடிவந்து சேர, புரூக்ளின் 3-2 என வென்றது. அந்த இருவரில் ஒருவர் ஜியான்ஃபிரிடோ. ஆறாவது ஆட்டத்தில் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ தூக்கியடித்த பந்தை அவர் வேலியோரம் வரை ஓடிப் பிடித்தார். உணர்ச்சியை வெளிக்காட்டாத டிமாஜியோவே மண்ணைக் காலால் உதைத்தார்!

தொடரை யாங்கீஸ்தான் வென்றது. அதன்பின் லாவஜெட்டோ, ஜியான்ஃபிரிடோ, பெவன்ஸ் மூவருமே மேஜர் லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

1955 வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸின் யோகி பெர்ரா அடித்த பந்தை டாட்ஜர்ஸுக்கு ஆடிய கியூபாவின் சாண்டி அமோரோஸ் கையுறை நீட்டிப் பிடித்தார். டாட்ஜர்ஸ் புரூக்ளினில் இருந்தபோது வென்ற ஒரே வேர்ல்ட் சீரிஸ் அது.