செவிலியர் உரிமத் தேர்வு

மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்றார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவரையும் அவர் ஒரு கூறாக வைத்து எண்ணினார். அப்பணியை இன்று ஏற்று நடத்துவோர் செவிலியர் ஆவர்.

உயிரோடு தொடர்புடைய தொழிலைத் தகுதியற்றோர் மேற்கொள்ளுதல் தகாது. ஆதலின், சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டிலேயே செவிலியரைப் பதிவு செய்வதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. செவிலியர் கல்வியில் தேர்ச்சி பெற்றவர், மாநிலப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்த பின்னரே தொழில் புரியலாம். தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் பணியாற்ற விரும்புவோர்க்கு, 2012ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு நடத்துகிறது.

அமெரிக்காவிலோ, பட்டம் பெற்றவரும் என்கிளெக்ஸ் என்னும் உரிமத் தேர்வில் வெற்றி பெறல் வேண்டும். காவிரிக்கரையில் பயின்று அங்குப் பணிபுரியச் செல்வோர்க்கும் இது பொருந்தும். 1994 முதல் இத்தேர்வு கணிப்பொறி வாயிலாக நடைபெறுகிறது. சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும். தவறினால் சற்று எளிதாகும். இவ்வாறு ஒருவரது ஆற்றல் அளந்தறியப்படுகிறது.

வினாக்களின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். நோயாளிகள் நால்வர் உளர். ஒருவர் எலும்பு முறிந்து வலியால் கதறுகிறார். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். ஒருவர்க்குப் புண்ணின் கட்டை மாற்ற வேண்டும். நான்காமவர், இரவில் களத்துமேட்டில் படுத்துறங்கிய உழவர். அவர்க்கு வலி இல்லை. ஆயின் இமைகள் தாமே தாழ்கின்றன. முதலில் யாரிடம் செல்வது? கதறுபவரிடம் ஓடவே மனம் விரையும். ஆனால் முதலில் காக்கப்பட வேண்டியவர் அவ்வுழவரே. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ மிகுதியாகத் தோன்றாது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கி இமைகளைத் தாழச் செய்யும். பின்னர் மூச்சையே நிறுத்திவிடும். நூலில் உள்ளதை நெட்டுருச் செய்தவரினும், காரணம் அறிந்தவரே இவ்வினாவிற்கு விடை காண்பர்.

கணக்கும் இன்றியமையாதது. 500 மில்லி லிட்டர் மருந்துநீரை 4 மணி நேரத்தில் சிரை வழியே செலுத்த வேண்டும் எனக் கொள்வோம். ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளி எனில், மொத்தம் 10,000 துளி. அதனை 240 நிமிடங்களால் வகுத்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 துளி ஆகும். பயிரின் நிலையறிந்து மடை திறக்கும் உழவனைப் போலச் செவிலியரும் அளவறிந்து செலுத்துதல் வேண்டும். மிகினும் கேடு, குறையினும் கேடு.

இத்தேர்விற்கு ஆயத்தம் செய்வோர் நாள்தோறும் சில வினாக்களுக்கேனும் விடை எழுதிப் பழகுதல் நன்று. தவறிய இடத்தில், ‘ஏன் தவறினேன்?’ என ஆராய வேண்டும். சரியான விடைக்கும் காரணம் கூறிப் பார்க்க வேண்டும். தேர்வுக்கு முன்னாள் இரவு விழித்துப் படித்தலினும், நன்கு உறங்கித் தெளிந்த மனத்தோடு செல்லுதலே பயன் தரும்.

மாணாக்கர்களே! தேர்வறையில் நேரும் பிழையால் மதிப்பெண் குறையும். நோயாளியின் அருகில் நேரும் பிழையால் உயிரே போகக்கூடும். இரண்டாம் பிழை நேராதிருத்தற் பொருட்டே முதல் தேர்வு வைக்கப்படுகிறது என்பதை உணர்வீராக.