வெந்நீர்க் கலத்தில் வளரும் கல்

கிணற்று நீரை நாள்தோறும் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தில் சில வாரங்களில் வெண்மையான படிவு ஒன்று தோன்றுகிறது. தேய்த்தாலும் அது எளிதில் போவதில்லை. இதனை ‘உப்புப் படிந்திருக்கிறது’ என்று கூறுவது வழக்கம். ஆனால் சமையல் உப்பு நீரில் கரையும், இப்படிவோ கரைவதில்லை. உண்மையில் இது கல்லே ஆகும். சுண்ணாம்புப் பாறையின் பொருளாகிய கால்சியம் கார்பனேட்டே இதன் பெரும்பகுதி.

பாறை நீரில் கலக்கும் விதம்

மழைநீர் காற்றிலிருந்து சிறிதளவு கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மண்ணில் இறங்குகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் மண்ணுக்குள் இவ்வாயு மிகுந்திருக்கும். அதனை ஏற்ற நீர் மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையின் வழியே செல்லும்போது, கரையாத கார்பனேட்டைக் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. கரியமில வாயு வெளியேறினால் இம்மாற்றம் தலைகீழாக நிகழ்ந்து, கல் மீண்டும் பிறக்கிறது. ஆந்திரப் பிரதேசத்தில் அனந்தகிரி மலைப்பகுதியிலுள்ள போரா குகைகளில் காணும் கல் விழுதுகள் இவ்வாறு சொட்டுச் சொட்டாக உருவானவையே. குகையில் நெடுங்காலம் நடைபெறுவதை அடுப்பு சிறிது நேரத்தில் நடத்திவிடுகிறது; வெப்பம் வாயுவை விரட்டுகிறது.

இதனை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலுள்ள தெளிநீரை இறுத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு பங்குடன் ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரையோ தூய மழைநீரையோ சேர்த்து, குழல் ஒன்றால் மெதுவாக ஊதினால் நீர் பால்போல் கலங்கும். பொறுமையுடன் தொடர்ந்து ஊதினால் கலங்கல் மறைந்து தெளியும். அந்நீரைக் கொதிக்கவைத்தால் மீண்டும் கலங்கும். பாறை தோன்றுவது, கரைவது, திரும்பப் படிவது ஆகிய மூன்றும் ஒரே குவளையில் விளங்கிவிடும். மாணவர் நீரை உறிஞ்சிவிடாதபடியும், சுண்ணாம்பு கண்ணில் படாதபடியும் ஆசிரியர் பார்த்துக்கொள்ளல் அவசியம்.

இருவகைக் கடினத்தன்மை

கொதிக்கவைப்பதால் நீங்கும் இது தற்காலிகக் கடினத்தன்மை எனப்படும். கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் சல்பேட்டுகளாலும் குளோரைடுகளாலும் உண்டாவது நிலையான கடினத்தன்மை; அது கொதிப்பதால் நீங்காது. இருவகை நீரிலும் சோப்பு எளிதில் நுரைக்காமல் திரிதிரியாகத் திரியும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை அனுமதிக்கலாம் என்றும் வகுத்துள்ளது. தற்காலிகக் கடினத்தன்மை 300 மில்லிகிராம் உள்ள நீரை விடுதி ஒன்றில் நாள்தோறும் 100 லிட்டர் காய்ச்சுவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 30 கிராம் வரை கல் படியக்கூடும். ஒரு மாதத்தில் அது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் ஆகும்.

விளையும் கேடு

இக்கல்லுக்கு வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் எஃகிற்கு உள்ளதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தகட்டிற்கும் நீருக்கும் இடையே அது போர்வைபோல் கிடப்பதால் எரிபொருள் வீணாகிறது. கொதிகலன்களில் ஆபத்து இன்னும் பெரிது. மிகுந்த சூட்டில் கால்சியம் சல்பேட்டின் கரையுந்தன்மை குறைவதால், மிகச் சூடான பரப்பிலேயே அது கெட்டியாகப் படிகிறது. நீரின் குளிர்ச்சி எட்டாத உலோகம் அளவு மீறிச் சூடேறி மென்மையடையும். உள்ளழுத்தம் தாங்காமல் குழாய் புடைத்து வெடிக்கக்கூடும். நீராவி எஞ்சின்கள் மிகுதியாக ஓடிய காலத்தில் ரயில்வே எஞ்சின் கொட்டகைகளில் கொதிகலன்களைக் குறித்த கால இடைவெளிகளில் கழுவி வந்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

தடுக்கும் வழிகள்

1841-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் தாமஸ் கிளார்க், கணக்கிட்ட அளவு சுண்ணாம்பைச் சேர்த்தே தற்காலிகக் கடினத்தன்மையை நீக்கலாம் எனக் கண்டார். சேர்த்த சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ள, இரண்டும் கல்லாகப் படிந்துவிடுகின்றன. துணி வெளுக்கும் நீருக்குச் சலவைச் சோடா ஏற்றது. அது நிலையான கடினத்தன்மையையும் போக்கும். இன்று ஆலைகளில் அயனிமாற்றுப் பிசின்கள் கால்சியத்தை ஏற்றுச் சோடியத்தை விடுவிக்கின்றன. பிசின் சலித்தால் உப்புக் கரைசலால் புதுப்பிக்கப்படும்.

வீட்டுப் பாத்திரத்தில் படிந்த கல்லை எலுமிச்சைச் சாறோ வினிகரோ கரைத்துவிடும். எழும் குமிழிகள் பாறை முன்பு வாங்கிய கரியமில வாயுவே. கடும் அமிலங்களைப் பயன்படுத்தலாகாது. அவை உலோகத்தையும் அரிக்கும்.

கிராமங்களில் எடுத்துரைக்க வேண்டியவை இரண்டு. கடின நீருக்கு உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு எதனையும் விதிக்கவில்லை; ஆகவே படிவைக் கண்டு மக்கள் அஞ்ச வேண்டுவதில்லை. அதேபோல், கல் படிந்து நீர் மென்மையானதால் அது தூயதாயிற்று என்று கொள்ளவும் கூடாது. புளோரைடும் நைட்ரேட்டும் கொதிப்பதால் நீங்குவதில்லை. அவை கண்ணுக்குத் தெரியும் படிவாகவும் வெளிப்படுவதில்லை. அவற்றை நீர்ப் பரிசோதனையே காட்டித் தரும்.