பூட்டிலேயே சாவி!
வீட்டில் உள்ள ‘வை-பை’ பெட்டியைத் திறப்பது எப்படி? மாற்றுவது எப்படி?

வீட்டுக்குக் கதவு உண்டு. கதவுக்குப் பூட்டு உண்டு. பூட்டை மாட்டிவிட்டு, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு யாராவது தூங்கப் போவார்களா?

போகிறோம்! ஒருவர் இருவர் அல்ல. உலகத்தில் பல லட்சம் குடும்பங்கள் அப்படித்தான் தூங்குகின்றன.

டெலிவிஷன் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது அல்லவா? இரண்டு கொம்பு இருக்கும். அல்லது நாலு கொம்பு இருக்கும். பச்சை விளக்கு மினுக் மினுக் என்று எரியும். அதற்கு ‘ரவுட்டர்’ என்று பெயர். சிலர் ‘மோடம்’ என்பார்கள். ‘வை-பை பெட்டி’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே இருந்து வரும் இண்டர்நெட் அந்தப் பெட்டிக்குள் நுழைந்துதான் வீட்டில் உள்ள செல்போன், டெலிவிஷன், கம்ப்யூட்டர், வாசல் கேமரா எல்லாவற்றுக்கும் போகிறது. ஆகவே, வீட்டின் இண்டர்நெட் வாசல் அதுதான். அந்த வாசலின் பூட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு நாள் நடந்தது

2016-ம் ஆண்டு, அக்டோபர் மாதம் 21-ந் தேதி. வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மக்கள் காலையில் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். ‘டுவிட்டர்’ வரவில்லை. ‘நெட்பிளிக்ஸ்’ வரவில்லை. பணம் அனுப்பும் ‘பேபால்’ கூடத் திணறியது. சரியாயிற்று என்று நினைத்தபோது மறுபடியும் நின்றது. மாலை வரை இதே கதை.

என்ன ஆயிற்று? ‘டைன்’ என்று ஒரு கம்பெனி. இண்டர்நெட்டில் பெயரைச் சொன்னால் விலாசத்தை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. அந்தக் கம்பெனியின் மீது ஒரே சமயத்தில் எண்ணற்ற கருவிகள் பாய்ந்து, கேள்வி மேல் கேள்வி கேட்டுத் திக்குமுக்காட வைத்துவிட்டன.

பாய்ந்தவை எவை? பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் அல்ல. வீட்டு வாசலில் மாட்டும் கேமராக்கள், அந்தப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டிகள், வை-பை பெட்டிகள்! சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் பாட்டுக்குக் காப்பி குடித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டி ஊரை அடித்துக்கொண்டு இருந்தது.

இதைச் செய்த திட்டத்துக்கு ‘மிராய்’ என்று பெயர். ஜப்பான் மொழியில் ‘எதிர்காலம்’ என்று பொருள். எழுதியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். எல்லோருக்கும் 20, 21 வயதுதான். ‘மைன்கிராப்ட்’ என்ற விளையாட்டை நடத்துகிறவர்களுக்குள் இருந்த போட்டியில் தொடங்கிய வேலை அது. போலீசை ஏமாற்ற, திட்டத்தை ஊருக்கெல்லாம் வெளியிட்டார்கள். அதை எடுத்துக்கொண்ட வேறு ஆட்கள்தான் அக்டோபர் தாக்குதலை நடத்தினார்கள். மூவரும் 2017-ம் ஆண்டு டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பிறகு புலனாய்வுக்கு உதவி செய்ததால், அலாஸ்கா கோர்ட்டு அவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், 5 ஆண்டுக் கண்காணிப்பும் 2,500 மணி நேர சமூக சேவையும் விதித்தது.

சரி, அவர்கள் எப்படி உள்ளே நுழைந்தார்கள்? அதுதான் வேடிக்கை. எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை! கம்பெனியில் செய்யும்போதே பெட்டிக்கு ஒரு பெயரும் ஒரு ரகசியச் சொல்லும் வைத்து அனுப்புகிறார்கள். பெயர் ‘அட்மின்’. ரகசியச் சொல்லும் ‘அட்மின்’! இல்லாவிட்டால் ‘1234’. இப்படிச் சுமார் 60 ஜோடியை மிராய் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்தது!

இரண்டு சாவிகள்

இங்கே பலரும் குழம்புகிறார்கள். ஒரு பெரியவரிடம் ‘‘பாஸ்வேர்டை மாற்றினீர்களா?’’ என்று கேட்டேன். ‘‘மாற்றாமல் இருப்பேனா தம்பி? பேத்தி பெயரை வைத்திருக்கிறேன்’’ என்றார். அவர் மாற்றியது ஒரு சாவியை. இன்னொரு சாவி இருப்பதே அவருக்குத் தெரியாது.

முதல் சாவி, வை-பை பாஸ்வேர்டு. விருந்தாளி வந்தால் ‘‘வை-பை பாஸ்வேர்டு என்ன மாமா?’’ என்று கேட்பார்களே, அது. அதைக் கொடுத்தால் இண்டர்நெட் வரும், அவ்வளவுதான்.

இரண்டாவது சாவி, பெட்டியையே ஆளும் சாவி. அட்மின் பாஸ்வேர்டு என்பது அதுதான். அது கையில் இருந்தால் வை-பை பெயரை மாற்றலாம். உங்கள் பாஸ்வேர்டையே மாற்றி உங்களையே வெளியே நிறுத்தலாம். முதல் சாவி வாசல் கதவுக்கு. இரண்டாவது சாவி பத்திரம் வைத்திருக்கும் பீரோவுக்கு.

பீரோ சாவி திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை உண்டு. பெயரைச் சொன்னால் விலாசம் கொடுக்கும் வேலையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்த வேலையை யார் செய்வது என்ற குறிப்பு உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் குறிப்பைத் திருத்திவிட்டால், நீங்கள் பாங்கி பெயரைத் தட்டினாலும் திருடன் சொல்லும் இடத்துக்குப் போவீர்கள். எஸ்டோனியா நாட்டைச் சேர்ந்த ஒரு கூட்டம் இதைத்தான் செய்தது. 2011-ம் ஆண்டு நவம்பரில் அதில் 6 பேர் பிடிபட்டார்கள். 100-க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் சிக்கியிருந்தன. கம்ப்யூட்டரில் புகுந்த அந்தக் கிருமி, பக்கத்தில் உள்ள வை-பை பெட்டியையும் ‘அட்மின்’ என்று தட்டித் திறக்கப் பார்த்தது.

உள்ளே போகும் வழி

முதலில் பெட்டியைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் விலாசம், பெயர், ரகசியச் சொல் எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

விலாசம் என்பது ஓர் எண். 192.168.1.1 என்று இருக்கலாம். 192.168.0.1 என்றும் இருக்கலாம். பக்கத்து வீட்டிலும் அதே எண், பம்பாயிலும் அதே எண், லண்டனிலும் அதே எண்! எப்படி? 1996-ம் ஆண்டில் செய்த ஏற்பாட்டின்படி, 192.168 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் செல்லும். ஆபீசில் மானேஜர் அறைக்கு ‘11’ என்று டெலிபோனில் சுழற்றுவது போல. தெருவில் நின்று 11 சுழற்றினால் யார் எடுப்பார்கள்?

சீட்டு கிழிந்துவிட்டதா? கவலை வேண்டாம். செல்போனில் வை-பை விவரத்தைத் திறந்தால் ‘கேட்வே’ அல்லது ‘ரவுட்டர்’ என்ற இடத்தில் அந்த எண் இருக்கும்.

இப்போது செல்போன் உங்கள் வீட்டு வை-பையில் இருக்கவேண்டும். ‘மொபைல் டேட்டா’வை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செல்போன் வெளி வழியாகப் போய்த் தேடும், பக்கம் திறக்காது. குரோம் போன்ற ஒன்றைத் திறந்து, மேலே உள்ள விலாசக் கட்டத்தில் எண்ணைப் புள்ளிகளோடு தட்டுங்கள். ஒன்றுக்குப் பதிலாக ஆங்கில ‘எல்’ எழுத்தைத் தட்டுகிறவர்கள் உண்டு. அப்போது தேடும் பக்கம் வரும். ‘‘உதவிக்கு இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்’’ என்று யாராவது விளம்பரம் போட்டிருப்பார்கள். போன் செய்யாதீர்கள்!

‘பாதுகாப்பு இல்லை’ என்று ஓர் எச்சரிக்கை வரலாம். வீட்டுக்குள் இருக்கும் பெட்டியோடுதான் பேசுகிறீர்கள், பயப்பட வேண்டாம். பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுத்தால் உள்ளே போய்விடலாம். தப்பாக நாலைந்து தடவை போட்டால் சில பெட்டிகள் கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூடிக்கொள்ளும். காத்திருந்து மறுபடியும் முயலவேண்டும். சில கம்பெனிகள் இந்தச் சாவியை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதே இல்லை. கேட்டு வாங்குங்கள், அல்லது அவர்களையே மாற்றித்தரச் சொல்லுங்கள். பணம் கட்டுவது நாம் அல்லவா?

உள்ளே போனதும் முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. நீளமாக இருக்கட்டும். சம்பந்தம் இல்லாத நாலு சொற்களைச் சேர்த்து ஒரு எண்ணையும் போட்டால் போதும். அதை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். எழுதக்கூடாது என்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். திருடன் இருப்பது வேறு தேசத்தில். உங்கள் ரேஷன் கார்டு அவன் கைக்கு எட்டாது.

அப்புறம் வை-பை பாஸ்வேர்டு. அங்கே பூட்டின் வகை கேட்டால் ‘டபிள்யூ.பி.ஏ.3’ அல்லது ‘டபிள்யூ.பி.ஏ.2’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டபிள்யூ.இ.பி.’ என்ற பழைய பூட்டு 2001-ம் ஆண்டிலேயே உடைந்துபோன பூட்டு. வெளியூரில் இருந்து பெட்டியைத் திறக்க வழிசெய்யும் ‘ரிமோட் மேனேஜ்மெண்ட்’ என்பது இருந்தால் அதை மூடிவிடுங்கள். வாசல் கேமராவுக்கும் தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. அதையும் மாற்ற மறக்காதீர்கள்.

ஊசித் துவாரம்

பாஸ்வேர்டு மறந்துபோனால்? பெட்டியின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். ‘ரீசெட்’ என்று எழுதியிருக்கும். பெட்டி ஓடிக்கொண்டு இருக்கும்போது உள்ளே குண்டூசியை விட்டுச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்தால், விளக்குகள் ஒருமுறை அணைந்து எரியும். பெட்டி எல்லாவற்றையும் மறந்து, கம்பெனியில் இருந்து வந்த நாள்போல ஆகிவிடும்.

எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்!

எங்கள் தெருவில் ஒரு வீடு. மகள் என்ஜினீயரிங் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளின் பட்டியலைக் கொடுக்கவேண்டும். மறுநாள் மாலையோடு முடிகிறது. இரவு 9 மணிக்கு இண்டர்நெட் மெதுவாக ஓடியது. தம்பிக்கு அவசரம். ‘‘அக்கா, ஒரு நிமிஷத்தில் சரி செய்கிறேன் பார்’’ என்று ஊசியைச் செருகிவிட்டான்.

பச்சை விளக்கு எரிந்தது. இண்டர்நெட் வரவே இல்லை.

‘‘ஏண்டா, என்னடா செய்தாய்?’’ என்று அம்மா அலறினாள். அவன் அழிக்க நினைத்தது கோளாறை. அதோடு சேர்ந்து அழிந்தது, இண்டர்நெட் கம்பெனி அந்த வீட்டுக்குக் கொடுத்திருந்த பெயரும் ரகசியச் சொல்லும். அதைக் கேபிள்காரர்தான் பெட்டி மாட்டிய அன்று உள்ளே எழுதியிருந்தார். வீட்டில் யாரும் குறித்து வைக்கவில்லை. கேபிள்காரரின் போன் அணைந்திருந்தது. அந்தப் பெண் எதிர்வீட்டு அத்தையின் செல்போனை வாங்கி, சின்னத் திரையில் கண் சிவக்க உட்கார்ந்து, நள்ளிரவு தாண்டிப் பட்டியலை முடித்தாள். கேபிள்காரர் மறுநாள் 11 மணிக்கு வந்து, இரண்டே நிமிஷத்தில் சரி செய்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது ‘ரீசெட்’ அல்ல, ‘ரீஸ்டார்ட்’. சுவிட்சை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்து, மறுபடியும் போடுவது. அதில் எதுவும் அழியாது. 2018-ம் ஆண்டு மே மாதம், 54 நாடுகளில் சுமார் 5 லட்சம் பெட்டிகளில் ஒரு கிருமி புகுந்தபோது, அமெரிக்காவின் எப்.பி.ஐ. முதலில் சொன்ன வைத்தியம் இதுதான்: ‘அணைத்துப் போடுங்கள்.’ மிராய் கூட அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் பாஸ்வேர்டு ‘அட்மின்’ என்றே இருந்தால் சில நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும்.

கண்ணாடி இழை வழியாக வரும் இணைப்பு என்றால் இன்னொன்று: பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் கோளாறு கம்பியில் இருக்கிறது. ஊசியால் ஒரு பயனும் இல்லை.

ஊசியைத் தொட்டே ஆகவேண்டும் என்றால், முன்னதாகவே கேபிள்காரரிடம் அந்தப் பெயரையும் ரகசியச் சொல்லையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே போய் அதைக் கொடுங்கள். வை-பைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே எழுத்துப் பிசகாமல் வைத்தால், டெலிவிஷனும் கேமராவும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். பழைய பாஸ்வேர்டு தெருவுக்கே தெரியும் என்றால் மட்டும் இந்த யோசனை வேண்டாம்.

அரசாங்கங்களும் விழித்துக்கொண்டன. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கக்கூடாது என்று கலிபோர்னியா மாநிலச் சட்டம் 2020-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதலும், பிரிட்டன் சட்டம் 2024-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி முதலும் தடுக்கின்றன. புதிய பெட்டிகள் பலவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் அச்சிட்டு வருகிறது. அலமாரி மேல் இருக்கும் உங்கள் பழைய பெட்டிக்கு இது பொருந்தாது.

அந்தப் பழைய பெட்டியை ஒரு நாள் காயலான் கடைக்குப் போடுவீர்கள். உங்கள் வை-பை பெயர், பாஸ்வேர்டு, கம்பெனி கொடுத்த ரகசியச் சொல் எல்லாம் அப்போதும் அதற்குள் இருக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் மின்சாரம் கொடுத்து, குண்டூசியை எடுத்து, 10 விநாடி அழுத்துங்கள். அந்தத் துவாரத்தைப் பயமில்லாமல் தொடக்கூடிய சமயம் அதுதான்.