கத்த வேண்டிய விதி கத்துகிறதா? (கன்டெய்னர் காவல் – 9)

கன்டெய்னர்களைக் கண்காணிக்கும் ஃபால்கோ என்ற கருவி கெர்னலில் எங்கே உட்கார்ந்து சிஸ்டம் கால்களைப் பிடிக்கிறது, பிடித்ததை யாம்ல் கோப்பில் உள்ள விதிகளோடு எப்படி ஒப்பிடுகிறது என்பதையெல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இடையில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் பொய் எச்சரிக்கைகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வர வேண்டிய எச்சரிக்கை வராமல் போனால் அது யாருக்குத் தெரியும்?

ஃபால்கோவோடு வரும் விதிகளில் எல்லோருக்கும் பழக்கமான ஒன்று, கன்டெய்னருக்குள் யாராவது டெர்மினலோடு ஷெல் திறந்தால் சத்தம் போடுவது. அதன் நிபந்தனையைப் பிரித்தால் இவ்வளவுதான்: புதிதாக ஒரு ப்ராசஸ் தொடங்க வேண்டும், அது கன்டெய்னருக்குள் இருக்க வேண்டும், அதன் பெயர் ஷெல் பட்டியலில் இருக்க வேண்டும், அதோடு ஒரு டெர்மினல் ஒட்டியிருக்க வேண்டும். இன்னும் ஒன்றிரண்டு சில்லறை நிபந்தனைகள் உண்டு. ஷெல் பட்டியல் தனியாக மேலே எழுதப்பட்டிருக்கிறது. பாஷ், டாஷ், ஆஷ் என்று எட்டுப் பெயர்கள்.

ஓர் அலுவலகத்தில் சில பேர் ஃபிஷ் என்ற ஷெல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது பட்டியலில் இல்லை. பொறுப்பான பொறியாளர் ஒருவர், மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்தவர், உள்ளூர் விதிக் கோப்பைத் திறக்கிறார். அதே பட்டியலின் பெயரைப் போட்டு, உறுப்பினர் என்ற இடத்தில் ஃபிஷ் என்று ஒரே பெயரை எழுதிச் சேமிக்கிறார். எட்டோடு ஒன்று சேர்ந்து ஒன்பது ஆகிவிட்டது என்பது அவர் நினைப்பு.

ஆகவில்லை. ஃபால்கோ முதலில் மூலக் கோப்பைப் படிக்கும், பிறகு உள்ளூர்க் கோப்பைப் படிக்கும். அதே பெயர் மறுபடி வந்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும். பழையதோடு சேர்க்க வேண்டும் என்றால் ‘சேர்’ (append) என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் இப்போது பட்டியலில் ஒரே ஒரு ஷெல்தான் மிச்சம். இனி எவன் உள்ளே நுழைந்து பாஷ் திறந்தாலும் அந்த விதி வாய் திறக்காது. அதே பட்டியலை நம்பித்தான் இன்னொரு விதியும் நிற்கிறது: வெப் சர்வரோ டேட்டாபேஸோ திடீரென்று ஒரு ஷெல்லைப் பெற்றெடுத்தால் சொல்வது. அதுவும் சேர்ந்து ஊமையாகிவிட்டது.

கோப்பில் இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் ‘சரி’ என்றே பதில் வரும். ஃபால்கோ ஒழுங்காகத் தொடங்கும், டாஷ்போர்டு பச்சையாக இருக்கும்.

எங்கள் தெருவில் ராத்திரி ரோந்து வரும் கூர்க்கா, திருடனைக் கண்டால் மட்டும் விசில் ஊதுவதில்லை. மணிக்கொரு தரம் ஊதிக்கொண்டே போவார். அந்த விசிலுக்கு அர்த்தம் ‘திருடன் வந்தான்’ என்பதல்ல, ‘நான் விழித்திருக்கிறேன்’ என்பது. கண்காணிப்பு விதிகளுக்கு அப்படி ஒரு விசிலை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். விதிக் கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும், ஒவ்வொரு விதியையும் வேண்டுமென்றே சீண்டிப் பார்த்து, அது கத்துகிறதா என்று இயந்திரமே சோதிக்க வேண்டும். ரெக்ரஷன் டெஸ்ட் என்று மென்பொருள்காரர்கள் சொல்வது இதைத்தான்: நேற்று வேலை செய்தது இன்றும் வேலை செய்கிறதா?

சீண்டுவது எப்படி? ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருவர் உட்கார்ந்து தாக்குதல் நடத்திக்கொண்டிருக்க முடியாது. ஒரு தடவை செய்து அதைப் பதிவு செய்துகொண்டால் போதும். அந்த நேரத்தில் இயந்திரத்தில் ஓடிய சிஸ்டம் கால்கள் அனைத்தும், எந்த ப்ராசஸ், எந்தக் கோப்பு, என்ன நேரம் என்ற விவரங்களோடு, ‘ஸ்கேப்’ என்ற வகைக் கோப்பில் சேமிக்கப்படும். பிறகு அந்தக் கோப்பை ஃபால்கோவுக்குக் கொடுத்தால், தாக்குதல் இப்போதுதான் நடப்பதுபோல அது படித்துக்கொண்டு போய் எச்சரிக்கைகளைக் கொட்டும். கெர்னலில் எதையும் நிறுவ வேண்டாம், ரூட் அதிகாரம் வேண்டாம். உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டலாம், எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான்.

இந்த ஸ்கேப் கோப்பின் பூர்வீகத்தைத் தேடிப் போனதில்தான் இந்த வாரம் போயிற்று. அதைச் சொல்லாமல் மேலே நகர எனக்கு மனமில்லை.

1980களின் கடைசியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரெஸ், ஸ்டீவன் மெக்கான் மூவரும் டிசிபிடம்ப் என்ற கருவியை எழுதினார்கள். நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்து, கோப்பில் சேமித்து, பிறகு நிதானமாகப் பிரித்துப் பார்க்கும் கருவி. அதிலிருந்து பிறந்தவைதான் லிப்பிகேப் நூலகமும், இன்றும் நெட்வொர்க் பொறியாளர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பிகேப் கோப்பும். அதே ஆய்வகத்திலிருந்து 1993ஆம் ஆண்டு யூஸ்நிக்ஸ் மாநாட்டுக்கு மெக்கானும் ஜேக்கப்சனும் ஒரு கட்டுரை கொண்டுபோனார்கள். எல்லா பாக்கெட்டையும் மேலே இழுத்து வந்து வடிகட்டுவது வீண் வேலை. கெர்னலுக்குள்ளேயே ஒரு குட்டி நிரலை ஓட்டி, தேவையானதை மட்டும் மேலே அனுப்பலாம் என்பது அதன் சாரம். அதன் பெயர் பிபிஎஃப்.

லிப்பிகேப் யூனிக்ஸ் உலகத்தின் சொத்து. அதை விண்டோஸுக்குக் கொண்டுவந்தவர் இத்தாலியில் டூரின் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த லோரிஸ் டெஜோவானி. வின்பிகேப் என்று பெயர். இந்தப் பக்கம் அமெரிக்காவில் ஜெரால்டு கோம்ப்ஸ் 1998இல் ஈதரியல் என்ற பாக்கெட் ஆய்வுக் கருவியை வெளியிட்டிருந்தார். அது விண்டோஸில் ஓட வின்பிகேப்தான் கை கொடுத்தது. 2006இல் கோம்ப்ஸ் வேலை மாறினார். ஈதரியல் என்ற வணிகப் பெயரின் உரிமை பழைய நிறுவனத்திடம் இருந்தது. திறந்த மூல நிரலை எடுத்துப்போக யாரும் தடை சொல்ல முடியாது, பெயரை எடுத்துப்போக முடியாது. அப்படித்தான் ஈதரியல் வயர்ஷார்க் ஆயிற்று. கோம்ப்ஸ் போய்ச் சேர்ந்த புதிய நிறுவனம் எது தெரியுமா? டெஜோவானி கலிபோர்னியாவில் பங்காளியாக நின்று தொடங்கிய கேஸ் டெக்னாலஜீஸ்.

2013இல் டெஜோவானி சிஸ்டிக் நிறுவனத்தைத் தொடங்கினார். நெட்வொர்க்கில் பாக்கெட் எப்படியோ, ஒரு இயந்திரத்துக்குள் சிஸ்டம் கால் அப்படி என்பது அவர் பிடித்த நூல். பாக்கெட்டைப் பிடித்துக் கோப்பில் வைக்கலாம் என்றால் சிஸ்டம் காலையும் பிடித்துக் கோப்பில் வைக்கலாம். பிகேப்புக்குப் பக்கத்தில் ஸ்கேப் வந்து நின்றது. 2016இல் அதே அஸ்திவாரத்தின் மேல் ஃபால்கோ எழுந்தது.

பெர்க்லியின் மற்றொரு பிள்ளையான பிபிஎஃப் சும்மா இருக்கவில்லை. 2014இல் லினக்ஸ் கெர்னலில் அது பெரிதாக விரிவாக்கப்பட்டு ஈபிபிஎஃப் ஆனது. இன்று ஃபால்கோ வழக்கமாகக் கெர்னலுக்குள் கண் வைத்திருப்பது அந்த ஈபிபிஎஃப் வழியாகத்தான். ஆக, நேரலையில் பார்க்கும் கண்ணும் பதிவை மறுபடி ஓட்டும் கோப்பும், இரண்டுமே ஒரே ஆய்வகத்தில் ஒரே காலத்தில் விதைத்த யோசனைகளிலிருந்து வந்தவை. 2025 ஜனவரியில் வயர்ஷார்க் அறக்கட்டளை ஸ்ட்ராட்டோஷார்க் என்ற கருவியை வெளியிட்டது. வயர்ஷார்க் போலவே தோற்றம், ஆனால் திறந்து காட்டுவது பாக்கெட் அல்ல, ஸ்கேப் கோப்பு. கோம்ப்ஸும் டெஜோவானியும் அதில் மீண்டும் சேர்ந்திருக்கிறார்கள். கல்லூரி மாணவனாக ஒருவர் பிடித்த ஒரே யோசனையை இருபத்தைந்து ஆண்டு விடாமல் வளர்த்திருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மரியாதை கூடுகிறது.

சரி, சோதனைக்கு வருவோம்.

ஃபால்கோ திட்டத்தின் பழைய சோதனைத் தொகுப்பு அவகாடோ என்ற பைத்தான் கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டது. இப்போது அதன் இடத்தில் கோ மொழியில் எழுதிய தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் பழையதைப் படித்துப் பார்ப்பது நல்ல பாடம். சோதனை தொடங்குமுன் மூன்று மூட்டை ஸ்கேப் கோப்புகள் இறக்கப்படும். ஒன்று பாசிட்டிவ்: இவற்றை ஓட்டினால் எச்சரிக்கை வந்தே தீர வேண்டும். இன்னொன்று நெகட்டிவ்: இவற்றை ஓட்டினால் எச்சரிக்கை வரவே கூடாது. மூன்றாவது இன்ஃபோ: வெறும் தகவல் நிலையில் வருபவை. ஒவ்வொரு சோதனையிலும் எச்சரிக்கை வருமா, எந்தத் தீவிர நிலையில் வரும் என்று எழுதியிருக்கும். பலவற்றில் எந்த விதி எத்தனை முறை என்ற எண்ணும் இருக்கும்.

அந்த எண் முக்கியம். ‘ஏதோ ஓர் எச்சரிக்கை வந்தது’ என்று திருப்திப்பட்டால், விதி ‘அ’ ஊமையாகி, தற்செயலாக விதி ‘ஆ’ கத்தியதையும் வெற்றி என்று எழுதிவிடுவோம். ஒரு முறை வர வேண்டியது பூஜ்யம் ஆனாலும் பிழை, நாற்பது ஆனாலும் பிழை. நம் ஃபிஷ் பொறியாளரின் மாற்றத்தை இப்படிச் சோதித்திருந்தால், பாஷ் திறந்த பதிவுக்கு எதிரே ‘எதிர்பார்த்தது 1, வந்தது 0’ என்று சில நிமிடங்களில் சிவப்பு விழுந்திருக்கும். மாற்றம் கிளையோடு சேராமல் வாசலிலேயே நின்றிருக்கும்.

இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஃபால்கோ திட்டத்தார் சோதிப்பது அவர்களுடைய விதிகளை. உங்கள் உள்ளூர்க் கோப்பு அவர்கள் கண்ணில் பட வழியே இல்லை. ஆகவே சோதனையில் உங்கள் கோப்புகளையும், தயாரிப்புச் சூழலில் எந்த வரிசையில் ஏறுகின்றனவோ அதே வரிசையில் ஏற்றுங்கள். மூல விதிகளை மட்டும் ஏற்றிச் சோதித்துவிட்டு எல்லாம் பச்சை என்று சொல்வது, சோதனை செய்யாததைவிட மோசம். அது நிம்மதியை வேறு கொடுத்துவிடுகிறது.

பதிவை ஓட்டுவதில் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பதிவு பழையது. கோப்பைத் திறக்க லினக்ஸில் ஓபன் இருந்தது, ஓபன்அட் வந்தது, 2020இல் கெர்னல் 5.6 பதிப்பில் ஓபன்அட்2 வந்தது. 2019இல் எடுத்த பதிவில் அது எப்படி இருக்கும்? இன்னோர் உதாரணம் சொல்கிறேன். கன்டெய்னர் இமேஜில் இல்லாத, பிற்பாடு உள்ளே இறக்கிய ஒரு நிரல் ஓடினால் உடனே ‘கிரிட்டிகல்’ தீவிரத்தில் கத்தும் விதி ஒன்று ஃபால்கோவில் உண்டு. கன்டெய்னரின் கோப்பு அமைப்பு அடுக்கடுக்கானது. இமேஜில் வந்தவை கீழ் அடுக்குகளில் இருக்கும், ஓட ஆரம்பித்த பிறகு எழுதியவை மேல் அடுக்கில் விழும். ஓடும் நிரல் மேல் அடுக்கில் இருந்தால் அது வந்தேறி. என் கண்ணுக்கு ஃபால்கோவின் மிக அழகான விதி இதுதான். நிரல்களின் பெயர்ப் பட்டியல் எதையும் நம்பவில்லை. ஆனால் ‘மேல் அடுக்கு’ என்ற தகவலைச் சேகரிக்கத் தெரியாத காலத்துப் பதிவை வைத்து இதைச் சோதிக்கவே முடியாது.

அதனால் நேரடிச் சீண்டலும் வேண்டும். ஈவன்ட் ஜெனரேட்டர் என்ற கருவியை ஃபால்கோ திட்டத்தாரே தருகிறார்கள். அது உண்மையாகவே கடவுச்சொல் விவரங்கள் உள்ள ஷேடோ கோப்பைப் படிக்கும், நிரல்கள் இருக்கும் ‘பின்’ (bin) அடைவில் எழுதும். சந்தேகத்துக்குரிய காரியங்களை ஒவ்வொன்றாகச் செய்யும். சோதனை முறையில் ஓட்டினால், செய்த கையோடு ஃபால்கோவிடம் எச்சரிக்கை வந்ததா என்றும் கேட்டுக்கொள்ளும். இயந்திரத்தில் சில்லறை மாற்றங்கள் செய்யக்கூடியது என்பதால் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டச் சொல்லி அவர்களே எச்சரிக்கிறார்கள். பதிவு சோதிப்பது விதியின் தர்க்கத்தை. இது சோதிப்பது கெர்னல் முதல் எச்சரிக்கை வரையுள்ள முழுப் பாதையை. கெர்னலைப் புதுப்பித்த அன்று எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இரண்டும் இருந்தும் தப்பியவை உண்டு. 2019இல் கெர்னல் 5.1 பதிப்பில் வந்த ஐஓ யூரிங், கோப்பு வேலை, நெட்வொர்க் வேலை எல்லாவற்றையும் ஒரு வரிசையில் போட்டுக் கெர்னலிடம் ஒப்படைக்கும் வழி. ஒவ்வொன்றுக்கும் தனி சிஸ்டம் கால் தேவையில்லை. சிஸ்டம் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கும் கருவிக்கு அங்கே பார்க்க ஒன்றும் இராது. 2025 ஏப்ரலில் ஆர்மோ நிறுவனத்தார் ‘க்யூரிங்’ என்ற செயல்விளக்க ரூட்கிட்டை வெளியிட்டு, ஃபால்கோவின் கண்ணில் படாமல் அது வேலை செய்வதைக் காட்டினார்கள். ஐஓ யூரிங் ஆறு ஆண்டுகளாகக் கெர்னலில் இருந்தது. யாராவது எழுதி வைத்த சோதனையைத்தான் இயந்திரம் ஓட்டும். அந்த வழியாகக் கோப்பைத் திறந்து பார்க்கும் ஒரு சோதனை தொகுப்பில் இருந்திருந்தால், வெளியார் வந்து காட்ட வேண்டியிருந்திருக்காது.

நெகட்டிவ் மூட்டைக்குள் கை விட இந்த வாரம் இடமில்லை. பொய் எச்சரிக்கையின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது: எச்சரிக்கை வரவே கூடாத பதிவுகளை எப்படிச் சேகரிப்பது, ஒரு விதிவிலக்கு எழுதும்போது கூடவே எத்தனை உண்மைத் தாக்குதலை வெளியே விட்டுவிடுகிறோம் என்பதையெல்லாம் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் உள்ளூர் விதிக் கோப்பைத் திறந்து, மூலக் கோப்பில் உள்ள பட்டியல் பெயர் ஏதாவது ‘சேர்’ இல்லாமல் மறுபடி வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சோதனைச் சூழலில் ஒரு கன்டெய்னருக்குள் டெர்மினலோடு பாஷ் திறங்கள். எச்சரிக்கை வரவில்லையென்றால் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.

(தொடரும்)