அபார்ட்மென்டில் மின்வண்டி சார்ஜர்: நமக்குள்ள உரிமை என்ன?

நம் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின் ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன. உணவு டெலிவரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதுவே பிழைப்பு. ஆனால் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் கேட்டால், "அசோசியேஷன் அனுமதிக்காது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் இன்னொரு வழியும் தருகின்றன. வண்டிக்கென்றே தனி இணைப்பு கேட்டால் மின்வாரியம் கொடுக்க வேண்டும்.

ஆனால் இந்த உரிமை மின்சாரத்துக்குத்தான். ஒயர் போகும் பொதுச் சுவரும் பொது நடைவழியும் எல்லா உரிமையாளர்களுக்கும் சொந்தம். அதற்கு அசோசியேஷன் ஒப்புதல் வேண்டும். பொது மீட்டரிலிருந்து கேட்காமல் சார்ஜ் போடுவது அண்டை வீட்டாரின் ஹக்கில் கை வைப்பதாகும்.

எனவே வாய்ப்பேச்சாக இல்லாமல், கடிதமாகக் கொடுங்கள். அதில் இவை இருக்கட்டும்:

1. உங்களுக்கு ஒதுக்கிய பார்க்கிங் இடத்தின் எண்.

2. மின்சாரம் உங்கள் மீட்டரிலிருந்தா, தனி இணைப்பிலிருந்தா என்ற விவரம்.

3. ஒயர் செல்லும் வழியைக் காட்டும் சிறு வரைபடம்.

4. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே வேலை செய்வார், செலவும் பழுதும் உங்கள் பொறுப்பு என்ற உறுதி.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதத்தையும் சேர்க்க வேண்டும். மறுப்பு வந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுக்குழுவில் வைக்கச் சொல்லுங்கள். மின்வாரியமே தாமதித்தால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுக்கலாம்.

செலவையும் கணக்குப் பாருங்கள். தினமும் 3 யூனிட் பிடிக்கும் ஸ்கூட்டருக்கு இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஆகும். வீட்டு மீட்டரில் இது சேர்ந்து மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தமிழ்நாட்டில் கட்டண அடுக்கே மாறி பில் ஏறிவிடும். தனி இணைப்புக்கு என்ன கட்டணம் என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு, ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

அசோசியேஷன்காரர்களின் தீ பயமும் நியாயமானதே. ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிடாதீர்கள். தனி ஒயர், எர்த், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகிய நான்கும் கட்டாயம். கழற்றும் பேட்டரியை வாசல் ஓரத்திலோ மாடிப்படியிலோ வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும்.

ஒரே கட்டடத்தில் நான்கைந்து பேரிடம் மின்வண்டி இருந்தால் சேர்ந்தே மனு கொடுங்கள். அனைவருக்கும் பொதுவாக ஒரு சார்ஜிங் இடம், ஆளுக்கொரு சப்-மீட்டர் என்று கேட்டால் செலவும் குறையும், சச்சரவும் குறையும்.