தந்தையின் கையொப்பமும் லுக்மானின் உபதேசமும்

1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. இங்குப் பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையில் நீடிக்க விரும்பினால், ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்; 18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் முடிவே நிர்ணயிக்கும் என்று இணைப்பு உடன்படிக்கை விதித்திருந்தது. தந்தையின் ஒரு கையொப்பம் பிள்ளைகளின் நாட்டையே தீர்மானித்தது. ஆனால் ஈமானும் நற்பண்பும் கையொப்பத்தால் கைமாறுபவை அல்ல.

இந்தக் கவலை நம் ஊருக்குப் புதிதன்று. புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் முற்காலத்தில் வணிகத்தின் பொருட்டுச் சைகோனுக்குக் கப்பலேறினர். அந்நகரில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிலைத்து நிற்கிறது. இன்று நம் பிள்ளைகள் பாரிஸுக்குச் செல்கின்றனர். "கண்ணுக்கெட்டாத தூரத்தில் இவன் தொழுவானா? உண்மை பேசுவானா?" என்று நம்மிடம் வினவும் தந்தையர் பலர்.

இவ்வினாவுக்கான விடையைத் திருமறையின் 31ஆம் அத்தியாயமான ஸூரத்து லுக்மானில் காண்கிறோம். ஹிக்மத் எனும் ஞானம் வழங்கப்பட்ட லுக்மான் தம் மகனுக்குக் கூறிய அறிவுரைகள் அதன் 13 முதல் 19 வரையிலான வசனங்களில் இடம்பெறுகின்றன. அவற்றில் மூன்று செய்திகள் பெற்றோர் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, அழைக்கும் முறை. 'யா புனைய்ய' என்று மும்முறை அழைக்கிறார். 'என் அருமைச் சிறுமகனே' எனும் கனிவு அச்சொல்லின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. கட்டளையோடு காரணத்தையும் சொல்கிறார்: இணைவைத்தல் பெரும் அநீதி என்பதால் அதனைத் தவிர், கர்வம் கொண்டோரை இறைவன் நேசிப்பதில்லை என்பதால் செருக்குடன் நடவாதே.

இரண்டாவது, வரிசை. தொழுகையை ஏவுவதற்கு முன், கடுகளவு செயல் பாறைக்குள் மறைந்திருந்தாலும் இறைவன் அதனை வெளிக்கொணர்வான் என்று உணர்த்துகிறார். தந்தையின் கண் எட்டாத இடத்தில் பிள்ளையைக் காப்பது இவ்வுணர்வே. அதன் பின்னரே தொழுகை, நன்மையை ஏவுதல், பொறுமை ஆகியவை வருகின்றன. நடையில் நிதானமும் குரலில் தாழ்வும் இறுதியில் வருகின்றன.

மூன்றாவது மிக நுட்பமானது. பெற்றோரின் உரிமையைக் கூறும் 14, 15ஆம் வசனங்கள் லுக்மானின் கூற்றன்று, இடையே வரும் இறைவனின் கூற்று என்பது விரிவுரையாளர் பலரின் கருத்து. தமக்குரிய கடமையைத் தந்தை மகனிடம் கேட்கவில்லை; அவருக்காக இறைவனே பேசுகிறான். "உனக்காக எவ்வளவு பாடுபட்டேன்" என்று நாள்தோறும் பிள்ளைகளிடம் கணக்கு ஒப்பிக்கும் நாம் வெட்கித் தலைகுனிய வேண்டிய இடம் இது.

இவ்வாறெல்லாம் வளர்த்தும் பிள்ளை வழிதவறினால்? இதே 'யா புனைய்ய' எனும் அழைப்பை ஹூத் அத்தியாயத்திலும் காண்கிறோம். வெள்ளத்தின் நடுவே நூஹ் நபி (அலை) தம் மகனை அவ்வாறே அழைத்தார்கள், அவன் ஏறவில்லை. அழைப்பது தந்தையின் கடமை. ஹிதாயத் இறைவனின் கையில் உள்ளது. ஆயினும் கடைசி அலை வரையிலும் அவர்களின் அழைப்பில் கனிவு குறையவில்லை என்பதே நாம் பெறும் படிப்பினை.

பிள்ளையின் கடவுச்சீட்டு எந்நாட்டினதாயினும் ஆகட்டும். அவன் வீட்டை விட்டுப் புறப்படும்முன், நம் நாவில் அவன் கேட்ட சொல் கனிவானதாகவும், நம் வாழ்வில் அவன் கண்ட செயல் அச்சொல்லுக்கு இசைவானதாகவும் இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.