சென்னையில் வீடு பிடிக்கும் முன்



ஏப்ரல், மே வந்துவிட்டால் நமது அறக்கட்டளைக்கு வரும் கடன் மனுக்களில் பல ஒரே காரணத்தைச் சொல்கின்றன: "சென்னையில் வீட்டு அட்வான்ஸ்." முடிந்தவரை கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாங்கிச் சென்ற குடும்பமே எட்டு மாதத்தில் திரும்பி வந்து, "அந்த வீடு ஒத்துவரவில்லை, வேறு ஏரியா பார்க்கிறோம்" என்று நிற்கும்போது மனம் சங்கடப்படுகிறது. பெயிண்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்திருப்பார்கள். புரோக்கருக்கு ஒரு மாதம் போயிருக்கும். வேன் வாடகை தனி.

வாணியம்பாடியிலிருந்து போகிறவர்கள் முதலில் கேட்கும் இடம் பெரியமேடு. தோல் வியாபாரத்தால் நம்மவர்கள் அங்கே நெடுங்காலமாக இருக்கிறார்கள். சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகலாம், பள்ளிவாசலும் ஹலால் கறிக்கடையும் பக்கத்தில். வேலை பாரிமுனைப் பக்கம் என்றால் தாராளமாக அங்கேயே பாருங்கள். சிறுசேரியில் வேலை என்றால் கதை வேறு. ஒரு வழிக்கே 30 கிலோமீட்டர் அளவு வரும். என் மகன் முதல் வருடம் அப்படித்தான் இருந்தான். காலை 7 மணிக்குப் போனால் இரவு 9 மணிக்குத்தான் வருவான். பள்ளிவாசல் தெருமுனையிலேயே இருந்தும், ஞாயிறு தவிர மஃரிப் ஜமாஅத் அவனுக்குக் கிடைக்கவில்லை. பிறகு கேளம்பாக்கம் போனான். "நம்மவர்கள் இல்லாத இடமாச்சே" என்று அவன் தாயாருக்குக் கவலை. சிறிது தூரத்தில் கோவளம், அங்கே தர்காவும் முஸ்லிம் குடும்பங்களும் இருப்பது போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே முதலில் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஒருமுறை, அதே நேரத்தில், பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போய்ப் பார்த்தது கணக்கில் வராது.

அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் நமது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மெட்ரோ தண்ணீர் வருகிறதா, லாரியா, போர் தண்ணீர் உப்பா என்று கேளுங்கள். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்தாலே தெரியும். இன்னொரு தண்ணீரும் இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரிப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருவில் இஸ்திரி போடுபவரிடம், "மழைக்கு இங்கே எதுவரை நின்றது?" என்று கேளுங்கள். கை காட்டியே சொல்லிவிடுவார். வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று தரைத்தள வீடு தேடுவோர் இதை அவசியம் விசாரிக்க வேண்டும்.

நம் பெயரைக் கேட்டதும் "இப்போதுதான் வேறு ஆளுக்குப் பேசி முடித்தோம்" என்பவர்களும் உண்டு. வருத்தம்தான். வீண் அலைச்சலாவது மிஞ்சட்டும். பெயர், எத்தனை பேர், வீட்டில் கறி சமைப்போம் என்பதையெல்லாம் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சம்மதித்துக் கொடுக்கிறவர்களும் நிறையவே இருக்கிறார்கள்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது அரசு மீட்டருக்குத்தான். வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டரில் அவர் சொன்னதே விலை. அட்வான்ஸ் விஷயத்தில், 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் 3 மாத வாடகை என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதியிருந்தால் அதுவே செல்லும். எனவே 10 மாதம் என்று எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி அட்வான்ஸ் கடனுக்கு மனு செய்வோர், வேலை இடத்துக்கு எவ்வளவு நேரம், குடிதண்ணீர் எது, மழையில் தெரு எப்படி என்ற மூன்றையும் விசாரித்து மனுவிலேயே எழுதித் தரவும். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். எழுதத் தெரியாதவர்கள் நேரில் வந்து சொன்னால் நானே எழுதிக்கொள்கிறேன்.